பெரிய டயர் உரசுகிறது: வீல் ஆர்ச்சை எங்கே வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம்?

வாசகர் கேள்வி:

"என்னிடம் இருப்பது தனி சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங். பின்னால் ஒரே ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். கம்பெனி கொடுத்தது 245/70 ஆர் 16 டயர், 7 அங்குல ரிம், ஆஃப்செட் +30. காட்டுப் பாதைக்காக 265/75 ஆர் 16 டயரும், 8 அங்குல அகலத்தில் ஆஃப்செட் பூஜ்யமாக உள்ள ரிம்மும் வாங்கிப் போட்டேன். 40 மி.மீ. உயரம் கூட்டும் ஸ்பிரிங் செட்டும் மாட்டியாயிற்று. இருந்தும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன் டயர் பின்பக்கம் உரசுகிறது. திரும்பும்போது பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டில் அடிக்கிறது. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றினால் பின் டயர் வீல் ஆர்ச்சின், அதாவது டயருக்கு மேலே பாடியில் உள்ள வளைவின், விளிம்பைத் தேய்க்கிறது. டிங்கரிங் வேலை செய்பவர், நான்கு ஆர்ச்சையும் சுற்றிலும் 50 மி.மீ. வெட்டி, மேலே ஃபிளேர் (டயரை மூட ஆர்ச்சுக்கு வெளியே நீட்டி வைக்கும் பட்டை) வைத்து ரிவெட் அடித்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? 40 மி.மீ. தூக்கியும் ஏன் உரசுகிறது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை."

பதில்:

வணக்கம். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகத் தெளிந்துவிடும். அதுவரை கிரைண்டரை யாரும் கையில் எடுக்க வேண்டாம்.

முதலில் கணக்கு. 245/70 ஆர் 16 என்றால் டயரின் பக்கச்சுவர் உயரம் 245-இல் 70 சதவீதம், அதாவது 171.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 343. ரிம்மின் 16 அங்குலம் 406.4. மொத்த விட்டம் சுமார் 749 மி.மீ. உங்கள் புது டயருக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 804 மி.மீ. வித்தியாசம் 55; அதில் பாதிதான் அச்சுக்கு மேலே வரும், ஆக 27 மி.மீ. நீங்கள் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது: டயர் 27 மி.மீ. வளர்ந்திருக்கிறது, வண்டியை 40 தூக்கிவிட்டேன், இன்னும் 13 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டுமே.

வண்டி நிற்கும்போது இந்தக் கணக்கு சரி. ஓடும்போது சரியில்லை. பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது அது எங்கே நிற்கும் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்வதில்லை, பம்ப் ஸ்டாப் முடிவு செய்கிறது. சேஸிஸுக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இருக்கும் அந்த ரப்பர் கட்டை, நீங்கள் ஸ்பிரிங் மாற்றியபோது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. உயரமான ஸ்பிரிங் என்ன செய்கிறது? சக்கரம் புறப்படும் இடத்தைக் கீழே தள்ளுகிறது. போய்ச் சேரும் இடம் பழைய இடமே. நிற்கும்போது ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே 40 மி.மீ. கூடியது, பம்ப் ஸ்டாப்பில் மோதும் அந்த நொடியில் கூடியது ஒன்றுமில்லை. அங்கே டயர் 27 மி.மீ. அதிகமாக உள்ளே நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பொய்யும் சொல்வதில்லை, கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டார்கள்.

பாடியையே சேஸிஸிலிருந்து கட்டை வைத்துத் தூக்கும் முறை வேறு. அதில் ஆர்ச் உண்மையாகவே டயரிலிருந்து விலகும். ஆனால் ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் ஹோஸ், கியர் கம்பி, பம்பர் இடைவெளி என்று பத்து இடத்தில் புதுத் தலைவலி வரும். உங்கள் தேவைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது ரிம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய "ஆஃப்செட் பூஜ்யம்" என்பதுதான் முன்பக்கத் தொல்லையில் பெரும்பங்கு. ரிம் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட்; அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். பழைய ரிம் +30, புதியது 0. சக்கரத்தின் நடுக்கோடு 30 மி.மீ. வெளியே வந்துவிட்டது. டயர் 20 மி.மீ. அகலமானது, அதில் பாதி 10 வெளிப்பக்கம். ஆக டயரின் வெளிவிளிம்பு 40 மி.மீ. வெளியே நிற்கிறது. உள்விளிம்பும் 20 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. உள்ளே தேவையே இல்லாத இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, வெளியே தகட்டோடு சண்டை போட டயரை அனுப்பியிருக்கிறோம்.

வெளியே வருவது ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு ஒரு கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி கதவைத் திறக்கும்போது கொஞ்சம்தான் நகரும். விளிம்பு பெரிய வட்டம் போடும். முன் சக்கரத்துக்குக் கீல் என்பது, அது திரும்ப உதவும் இரண்டு உருண்டை இணைப்புகளான மேல் பால் ஜாயின்ட்டையும் கீழ் பால் ஜாயின்ட்டையும் சேர்க்கும் கோடு. டயர் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறதோ, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அவ்வளவு பெரிய வளைவில் முன்னும் பின்னும் வீசும். டயரின் முன்முனை பம்பர் மூலையையும், பின்முனை ஆர்ச்சின் அடியில் உள்ள மடிப்பையும் தேடிப் போவது இதனால்தான். நீங்கள் ரிவர்ஸில் கேட்கும் உரசல் இந்த ரகம். இதற்கும் ஸ்பிரிங் உயரத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆகவே என் முதல் ஆலோசனை கொஞ்சம் கசக்கும்: ரிம்மை மாற்றுங்கள். 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் +20 கிடைத்தால் பாருங்கள். நடுக்கோடு 10 மி.மீ. மட்டும் வெளியே வரும். டயர் அகலத்தின் பாதி 10 சேர்ந்தால் வெளிவிளிம்பு 20 மி.மீ. தள்ளும், உள்விளிம்பு கம்பெனி டயர் இருந்த இடத்திலேயே நிற்கும். இந்த டயருக்கு அந்த அகலம் பொருத்தமானதே. டயர் உயரமாக இருப்பதால், சக்கரத்தைச் சேஸிஸோடு சேர்க்கும் சஸ்பென்ஷன் கைகளில் மேல் கை, பால் ஜாயின்ட் பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நிற்பது கம்பீரமாகத் தெரியும் என்று நீங்கள் நினைத்தால், அந்தக் கம்பீரத்துக்கான விலையை மட்கார்டும் வீல் பேரிங்கும் கட்டும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தகடு வைத்து வெளியே தள்ளுவதும் இதே விளைவுதான்.

சரி, ரிம்மை மாற்றினீர்களோ இல்லையோ, அடுத்தது அளவெடுப்பது. நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றைச் சொல்லிவிட்டு முறைக்கு வருகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், உங்களுடையது போலவே பின்னால் லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டி ஒன்று என்னிடம் வந்தது. சமதளத்தில் நிறுத்தி, ஹப்பின் நடுவில் நூல் பிடித்து, டயரைவிட 30 மி.மீ. பெரிய அரைவட்டம் போட்டு அழகாக வெட்டினேன். கண்ணுக்கு அச்சு வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. ஆர்ச்சின் பின்பாதியில் டயர் தகட்டைச் சுருட்டியிருந்தது, முன்பாதியில் கை நுழையும் அளவு இடம் சும்மா கிடந்தது. காரணம் அப்புறம்தான் உறைத்தது. லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை ஒரே இடத்தில் பூட்டியிருக்கிறது. பின்முனை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் ஆடுகிறது. வளைந்த ஸ்பிரிங் பாரத்தில் நிமிரும்போது நீளும். நீளம் பின்பக்கமாகத்தான் போக முடியும். ஆக்சிலும் கூடவே பின்னால் போகும். சக்கரம் நேராக மேலே ஏறவில்லை, மேலேயும் பின்னேயும் சேர்ந்து ஏறியிருக்கிறது. உயரம் கூட்டும் ஸ்பிரிங்கில் வளைவு இன்னும் அதிகம் என்பதால் இந்த நகர்வும் அதிகம். அன்றிலிருந்து நின்ற வண்டியில் வட்டம் போடுவதை விட்டுவிட்டேன்.

அளவெடுக்க வேண்டியது சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கும்போது. முன்பக்கம் என்றால் சேஸிஸை உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி, காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் பொருள். முறையான கம்பிரெஸர் இல்லாமல் நட்டைத் திறக்கக் கூடாது, இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்தாலும் தவறில்லை. ஸ்பிரிங் இல்லாமல் கீழ்க் கையை ஜாக்கியால் மெதுவாகத் தூக்கினால் ரப்பரில் போய் முட்டும். ரப்பர் கொஞ்சம் நசுங்கும் வரை தூக்குங்கள், சாலையில் அது நசுங்கத்தான் செய்யும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாகத் திருப்புங்கள். அங்குலம் அங்குலமாக, ஒருவர் திருப்ப, இன்னொருவர் விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். முட்டும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி. முட்டாமல் நெருங்கும் இடங்களில் களிமண் உருண்டை ஒட்டுங்கள், குழந்தைகள் விளையாடும் களிமண்ணே போதும். டயர் அதை நசுக்கிவிட்டுப் போனபின் மிச்சம் இருக்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி. பாதி ஏறிய நிலையிலும் ஒருமுறை இதைச் செய்யுங்கள். மூலையில் உரசுவது சில வண்டிகளில் உச்சியில் இல்லாமல் நடுவழியில்தான் நடக்கும்.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கை முழுதாகக் கழற்றினால் ஆக்சிலுக்குப் பிடிப்பு இருக்காது. அதனால் முதல் தகட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற தகடுகளை எடுத்துவிட்டு மாட்டி, ஆக்சிலைத் தூக்குவது வழக்கம். இரண்டு விதமாகத் தூக்கிப் பாருங்கள். இரு பக்கமும் ஒன்றாக ஏறினால் டயர் நேராக ஆர்ச்சின் விளிம்புக்கு வரும். பாரம் ஏற்றும்போது நீங்கள் கேட்கும் தேய்ப்பு இதுதான். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் ஆக்சில் சாயும், ஏறிய பக்கத்து டயரின் தலை உள்ளே சாயும், இன்னும் உயரமாகவும் போகும். அப்போது விளிம்பில் தப்பிவிட்டு உள் சுவரிலோ ஸ்பிரிங்கிலோ இடிக்கலாம். இரண்டிலும் தப்பினால்தான் தப்பியது.

ஒன்று சொல்ல மறந்தேன். டயர் அளவு ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிஜ அளவு சில மி.மீ. மாறும். சேற்று டயர்களில் தோள்பட்டையில் கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதுவும் கணக்கில் வராது. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரும் 5 மி.மீ. அளவுக்கு அகலும். அதனால் இணையக் கணிப்பானில் வந்த எண்ணை வைத்து வெட்டாதீர்கள், நீங்கள் ஓட்டப்போகும் டயரையே மாட்டி அளவெடுங்கள்.

அளவெடுத்ததும் உங்களுக்குத் தெரியவரும்: சுற்றிலும் 50 மி.மீ. என்பது எந்த ஆர்ச்சுக்கும் தேவைப்படாது. ஒரு இடத்தில் 15 வேண்டும், ஒரு இடத்தில் 35 வேண்டும், ஒரு இடத்தில் ஒன்றுமே வேண்டாம். என் வழக்கம், உச்சி நிலையில் டயருக்கு மேலே 20 மி.மீ., பக்கங்களில் 10 மி.மீ. காற்று இருக்கும்படி விடுவது. கெட்டியாக ஒட்டும் சேற்றிலோ பனிச் சங்கிலியோடோ ஓட்டுபவருக்கு இன்னும் வேண்டும்.

இனி வெட்டு. முன்பக்கம் எளிது, நீங்கள் நினைப்பதைவிட எளிது. முன் மட்கார்டு பெரும்பாலும் போல்ட்டில் நிற்கும் ஒற்றைத் தகடு. கெட்டுப்போனாலும் வேறு வாங்கி மாட்டலாம். அதையும் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் ஆர்ச்சின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனர்: ஹீட் கன்னால் சூடேற்றி, மரக்கட்டையால் அழுத்திப் பின்னுக்குத் தள்ளி, ஆறும் வரை பிடித்திருந்தால் அப்படியே நிற்கும். பாதி உரசல் சத்தம் லைனரிலிருந்துதான் வரும். லைனரையே கழற்றி எறிந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கும் வயர் கட்டுகளும் மட்கார்டின் உள்பக்கமும் ஒரு மழைக்காலத்தில் பதில் சொல்லும். அடுத்து பம்பரின் கீழ் மூலை, மட் ஃபிளாப். கூரான கத்தியும் மாஸ்கிங் டேப்பும் போதும்.

பின்முனை தேடிப் போகும் மடிப்பு என்று சொன்னேனே, ஃபுட்போர்டுத் தகடும் தரைத் தகடும் முன்சுவரும் ஒன்றாக ஒட்டி நிற்கும் செங்குத்தான விளிம்பு அது. ஸ்பாட் வெல்டு அடித்து இணைத்த இடம். இதை வெட்டி எடுக்க வேண்டாம். விளிம்பில் சில இடத்தில் சிறு கீறல் போட்டு, சுத்தியலால் ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, மேலே சீலர் பூசினால் 15, 20 மி.மீ. கிடைத்துவிடும். ஸ்பாட் வெல்டை உடைத்து எடுத்தால் பாடியின் தையலைப் பிரித்த மாதிரி. மோதல் நடந்தால் அங்கேதான் முதலில் பிரியும்.

அதற்கும் பின்னால் சேஸிஸில் பாடியைத் தாங்கும் மவுன்ட் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ரக வண்டியில் பெரிய டயர் போடுபவர்கள் அதன் மூலையை வெட்டிவிட்டு, திறந்த வாயைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடுவார்கள். அது பாரம் தாங்கும் உறுப்பு. வெட்டிவிட்டு மூடாமல் விடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆஃப்செட்டைத் திருத்தினாலே உங்களுக்கு இது தேவைப்படாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. இன்னும் 5 மி.மீ. போதவில்லை என்றால், கீழ்க் கையின் கேம் போல்ட்டைத் திருப்பிச் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளலாம். அப்படிச் செய்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்டியரிங் ஸ்டாப் திருகைக் கூட்டி ஒடிப்பைக் குறைப்பதும் ஒரு வழி, ஆனால் வண்டி திரும்ப அகலமான இடம் கேட்கும்.

பின்பக்கம்தான் நிஜமான தச்சு வேலை. அங்கே வெளியே தெரிவது வண்டியோடு பிறந்த பக்கத் தகடு. உள்ளே டயரை மூடியிருப்பது இன்னொரு தகடு. இரண்டும் ஆர்ச் விளிம்பில் வந்து ஒன்றாக மடிந்து வெல்டு ஆகியிருக்கும். அந்த இணைப்புதான் அந்தப் பகுதிக்கே முதுகெலும்பு. 50 மி.மீ. ஒரே வீச்சில் வெட்டினால் இணைப்பு முழுதாகப் போய்விடும். இரண்டு தகடும் இரண்டு உதடுகளாகத் திறந்துகொள்ளும். உள்ளே தண்ணீரும் சேறும் போகும், தகடு அதிரும், அதன் மேல் ஃபிளேர் வைத்து ரிவெட் அடித்தால் திறந்த வாய் கண்ணுக்குத் தெரியாமல் மறையும், அவ்வளவே. உங்கள் டிங்கரிங்காரர் "ஃபிளேர் வைத்துவிடலாம்" என்றாரே தவிர, "மூடிவிடலாம்" என்று சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அதைக் கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரியான முறை இது. தேவையான கோட்டில் வெளித் தகட்டை மட்டும் வெட்ட வேண்டும். உள் தகட்டை அதைவிட 20, 25 மி.மீ. நீளமாக விட வேண்டும். உள் தகட்டின் விளிம்பில் அங்குலத்துக்கு ஒன்றாகக் கீறல் போட்டால் அது இதழ் இதழாகப் பிரியும். ஒவ்வோர் இதழையும் சுத்தியலால் வெளிப்பக்கம் மடக்கி வெளித் தகட்டோடு உட்கார வைத்து, முதலில் ஆங்காங்கே புள்ளி வெல்டு. இதழ்களுக்கு நடுவே வரும் சந்துகளையும் மூட வேண்டும். பாடித் தகடு ஒரு மி.மீ.கூட இல்லாத மெல்லிய சமாசாரம். ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் நெளிந்து, அப்புறம் பட்டியாலேயே நிரப்ப வேண்டி வரும். இங்கே ஒரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடியும் என்று பொறுமையாகப் போக வேண்டும்.

வெட்டும் கருவியிலும் கவனம். கிரைண்டர் வேகமானது, ஆனால் தகட்டைச் சுடும், பெயின்ட் விளிம்பு கருகும், தீப்பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகக் குழி விழும், தேய்த்தாலும் போகாது. கண்ணாடியையும் பக்கத்துப் பேனல்களையும் ஈரமான கனத்த துணியால் மூடுங்கள். கிடைத்தால் சிறு பல் உள்ள பாடி ரம்பம் மேல்.

வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி இரண்டு முனையும் கழற்றப்பட வேண்டும். ஒரு பக்க ஆர்ச்சுக்குப் பின்னால் எரிபொருள் ஊற்றும் குழாய் போகும். அதைக் கழற்றி அப்பால் வைக்காமல் அங்கே நெருப்பு வேலை கூடாது. வண்டியின் உள்பக்கம் அதே இடத்தில் சீட் பெல்ட் சுருளும், வயர்களும், சத்தம் தடுக்கும் பஞ்சும் இருக்கும். பஞ்சு புகைவது வெளியே தெரிய நேரமாகும். ஒருவர் தீயணைப்பானோடு உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டு செய்யும்போது வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்க் காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், சரியான முகமூடியோடு செய்யச் சொல்லுங்கள். இதெல்லாம் இரும்புத் தகட்டுப் பாடிக்கு. அலுமினியப் பாடி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்திகளைப் படித்துவிட்டு வேலையில் இறங்க வேண்டாம், அது வேறு கலை.

வெட்டிய விளிம்பு எதுவானாலும் அன்றே மூடப்பட வேண்டும். அரம் போட்டு, எபாக்ஸி பிரைமர், இணைப்பில் சீம் சீலர், மேலே பெயின்ட், டயர் பக்கம் கல் அடி தாங்கும் பூச்சு, இரண்டு தகட்டுக்கும் நடுவே உள்ள பொந்தில் மெழுகு ஸ்பிரே. மெழுகைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துரு உள்ளிருந்துதான் வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஃபிளேர் விஷயத்தில் எனக்கு ஒன்றும் பகை இல்லை. டயர் பாடிக்கு வெளியே நின்றால் மூடித்தான் ஆக வேண்டும். பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, பின்னால் வருபவரின் கண்ணாடியும் அதைத்தான் கேட்கும். ஆனால் ரிவெட் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் துருவுக்கு ஒரு வாசல். ஓட்டையின் ஓரத்தில் பிரைமர் தொட்டு வைத்து, அது காய்ந்தபின் அடிக்கச் சொல்லுங்கள். ரிவெட் நட் பொருத்தி போல்ட்டில் மாட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, பின்னால் அடைந்த சேற்றைக் கழுவ முடியும். +20 ரிம் போட்டால் உங்களுக்கு அகலமான ஃபிளேரே தேவைப்படாது, விளிம்பில் ஒட்டும் ரப்பர் பட்டை போதும் என்பது என் கணிப்பு.

உங்களுடையது போன்ற வண்டி இல்லாமல் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வரி: சாதாரண காரில் ஒரு அளவு அகலமான டயர் போட்டு ஐந்தாறு மி.மீ. மட்டும் உரசுகிறது என்றால் வெட்டவே வேண்டாம். விளிம்பின் உள்மடிப்பை ரோலர் கருவியால் மேல்நோக்கிப் படுக்க வைத்தால் போதும். பெயின்ட்டைச் சூடாக்கிக்கொண்டே, பல சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக. குளிர்ந்த பெயின்ட்டில் அவசரப்பட்டால் விளிம்பு முழுக்க விரிசல்தான்.

வெட்டாமலே தப்பிக்கும் வழியும் ஒன்று இருக்கிறது, உங்கள் டிங்கரிங்காரர் சொல்லாதது. பம்ப் ஸ்டாப்பை உயர்த்துவது. பின் ஆக்சிலில் 20 மி.மீ. கட்டை வைத்தால் சக்கரம் ஏறக்குறைய அதே அளவு முன்னதாக நிற்கும். முன்னால் கணக்கு வேறு: பம்ப் ஸ்டாப் கீழ்க் கையின் நடுவாக்கில் முட்டுவதால், அங்கே 10 மி.மீ. வைத்தால் சக்கரத்தில் 20 மி.மீ. குறையும். நீங்கள் 40 மி.மீ. உயரம் கூட்டியிருப்பதால் மேல்நோக்கிய பயணம் கம்பெனி வண்டியைவிட 40 அதிகம் கிடைத்திருக்கிறது. அதில் 20-ஐத் திருப்பிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. என்னைக் கேட்டால் உங்கள் வண்டிக்கு இதுதான் வழி: ரிம் மாற்றம், பம்ப் ஸ்டாப்பை உயர்த்திச் சக்கரப் பயணத்தில் 20 மி.மீ. குறைப்பு, முன்னால் லைனரும் மடிப்பும், பின்னால் மறுபடி அளவெடுத்து இன்னும் உரசினால் மட்டும் உரசும் இடத்தில் வெட்டு. பாதிப்பேருக்கு அந்தக் கடைசிப் படி தேவைப்படாமலே போகிறது.

உரசல் தவிர மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் போவது 107. ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும்; பெரிய டயர் போட்டதும் மைலேஜ் அதிகமாக விழுந்துவிட்டது என்று புலம்புபவர்கள் முதலில் கிலோமீட்டரை 1.07 ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். ஆக்சிலின் பல்சக்கர விகிதம் 4.10 என்றால் அது 3.82 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துத்தான் ஓட்டுவீர்கள். அதே மிதிக்குப் பிரேக் பிடிப்பும் சுமார் 7 சதவீதம் குறையும், டயரின் எடை கூடியிருப்பது தனி. ஸ்டெப்னி பழைய இடத்தில் நுழைகிறதா என்று இன்றே பாருங்கள். நடுக்காட்டில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது. புது டயரின் லோட் இன்டெக்ஸ் (தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. இவ்வளவு மாற்றத்துக்கு உங்கள் ஊர் வாகனப் பதிவு விதியில் அனுமதி உண்டா, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தீர்களா என்பதை வெட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தகட்டை வெட்டியபின் கேட்டால் பதில் எதுவானாலும் பயனில்லை.

வேலை முடிந்ததும் ஃபிளேரையோ ரப்பர் பட்டையையோ உடனே மாட்டிவிடாதீர்கள். பிரைமரும் பெயின்ட்டும் அடித்த நிலையில், வழக்கமான பாரத்தை ஏற்றி, வழக்கமான மோசமான பாதையில் சில நாள் ஓட்டுங்கள். திரும்பி வந்து விளக்கை வைத்து ஆர்ச்சின் உள்பக்கம் முழுக்கப் பாருங்கள். எங்காவது பெயின்ட் பளபளவென்று தேய்ந்திருந்தால் டயர் அங்கே இன்னும் வந்து போகிறது. அந்த இடத்தின் படத்தையும், பம்ப் ஸ்டாப் நிலையில் எடுத்த அளவுகளையும் அனுப்பினால் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.